கைக்குழந்தையோட குளிர்காலத்துல நீலகிரி தாத்தா பாட்டி வீட்டுக்கு: கிளம்பறதுல இருந்து இறங்கி வர்றது வரைக்கும் முழு வழிகாட்டி

மார்கழி, தை மாசத்துல குழந்தையை மலைக்கு கூட்டிட்டுப் போறோம்னு சொன்னா கீழ இருக்கற சொந்தக்காரங்க எல்லாரும் "இந்தக் குளிர்ல பச்சக்குழந்தையையா"ன்னு ஒரே மாதிரி கேப்பாங்க. கோத்தகிரி, குன்னூர், ஊட்டின்னு எல்லா ஊர்லயும் டிசம்பர் ஜனவரியில குழந்தைங்க பொறந்து நல்லா தான் வளர்றாங்க. என் மாமியார் வீடு கோத்தகிரி பக்கம், நாங்க இருக்கறது திருப்பூர், பையனைத் தூக்கிட்டு குளிர்காலத்துல அங்க போய் இருந்துட்டு வர்றது எங்களுக்கு வழக்கம். அதுல பார்த்ததையும் குழந்தை டாக்டர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுகிட்டதையும் வச்சு நான் உறுதியா சொல்றது இது தான்: வெளிய அடிக்கற குளிரை ஒரு துணி கூடப் போட்டு சமாளிச்சிரலாம், ஆனா குளிருக்கு பயந்து ஜன்னல் எல்லாம் சாத்தின ரூமுக்குள்ள நாம பண்றோமே, கரி அடுப்பு, ரஜாய்ங்கற கனமான பஞ்சுப் போர்வை, தைலம், சாம்பிராணின்னு, அதுல தான் உண்மையான ஆபத்து இருக்கு. அதனால கீழ சொல்றதுல அஞ்சாவது ஆறாவது ஸ்டெப்பை மட்டுமாவது வீட்டுல எல்லாரும் உக்காந்து படிச்சிருங்க.

ஸ்டெப் 1: எப்போ போறது, யார் தள்ளிப் போடணும்

குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை நல்லாவே பெய்யும், அக்டோபர் நவம்பர்ல மண் சரியறது, மரம் விழறது, ரோட்டை மூடறதுன்னு எதாவது நடக்கும், டிசம்பர் முதல் பாதியிலயும் சில வருஷம் மழையும் மூடுபனியுமா இருக்கும். டிசம்பர் கடைசி, ஜனவரின்னா மழை விட்டிருக்கும், பகல்ல நல்ல வெயில், ஆனா ராத்திரி குளிர் ஜாஸ்தி. ஊட்டியில தலைகுந்தா, காந்தல் மாதிரி பள்ளமான இடங்கள்ல உறைபனி விழுந்து காலையில புல்லு வெள்ளையா கிடக்கும், அங்கெல்லாம் சில நாள் 0 டிகிரி பக்கத்துல வரும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர், அதனால குன்னூர் கோத்தகிரி பக்கம் ராத்திரி அவ்வளவு கடுமை இருக்காது. என்னைக் கேட்டா குழந்தைக்கு ஈரமும் மூடுபனியும் இருக்கற நாளை விட காஞ்ச குளிர் நாள் நல்லது, துணியாவது காயும்.

இந்த உயரம் ஆரோக்கியமான குழந்தைக்கு ஒண்ணும் பண்ணாது. குறைமாசத்துல பொறந்த குழந்தை, இதயத்துல ஓட்டை இருக்குன்னு சொன்ன குழந்தை, நுரையீரல் பிரச்சனைக்கு ஆக்ஸிஜன் வச்சு வந்த குழந்தை, இவங்களை மட்டும் டாக்டர்கிட்ட கேக்காம ஏத்தாதீங்க. இன்னொண்ணு, தடுப்பூசி போட்ட மறுநாளே கிளம்பாதீங்க. 6, 10, 14 வாரத்துல போடற ஊசிக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் காய்ச்சல் வர்றது சகஜம், அந்தக் காய்ச்சல் ஊசியினாலயா குளிரினாலயான்னு மலை மேல உக்காந்து குழம்பிட்டு இருக்க வேண்டாம். 9 மாச ஊசி நேரம் வந்திருச்சுன்னா போட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு கிளம்புங்க, அட்டையைக் கையோட எடுத்துக்கோங்க. 6 மாசம் தாண்டின குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போடலாமான்னும் டாக்டர்கிட்ட கேளுங்க, அது வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும், அதனால பயணத்துக்கு முன்னாடியே கேக்கணும்.

ஸ்டெப் 2: பை கட்டறது

நிறைய எடுத்துட்டுப் போகாதீங்க, சரியானதை எடுத்துட்டுப் போங்க. ஒரு குண்டு ஸ்வெட்டரை விட மெல்லிசான மூணு துணி தான் உதவும், ஏன்னா பகல்ல வெயில்ல ஒண்ணு ஒண்ணா கழட்டலாம். உள்ள காட்டன் பனியன், அது மேல முழுக்கை சட்டை, அது மேல ஸ்வெட்டர். கம்பளி நேரா தோல்ல படக்கூடாது, அரிக்கும், செவந்து போகும். பெரியவங்க போட்டிருக்கறதை விட ஒரு துணி கூட, அவ்வளவு தான் கணக்கு. கழுத்துல கயிறு கட்டற குல்லா, பெரிய பட்டன் தொங்கற ஸ்வெட்டர், குஞ்சம் வச்ச மஃப்ளர் இதெல்லாம் வேண்டாம், பிச்சு வாயில போட்டுக்கும் இல்லேன்னா கழுத்தைச் சுத்தும்.

துணி மட்டும் நினைக்கறதை விட ரெண்டு மடங்கு வேணும், காரணம் மலையில ஒரு நாள்ல காயாது. லங்கோடு கட்டற வீடுன்னா ராத்திரிக்கு மட்டுமாவது டயப்பர் வச்சுக்கோங்க. அப்புறம் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், டாக்டர் எடைக்கு கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்த பாரசிட்டமால் சொட்டு மருந்து, மூக்குக்கு விடற சலைன் டிராப்ஸ், ஓஆர்எஸ் பாக்கெட், ஃபிளாஸ்க். ஒரு வாரம் தங்கறதா இருந்தா ஒரு ஜமக்காளம் அவசியம், மலை வீடுகள்ல சிமென்ட் தரை ஐஸ் மாதிரி இருக்கும், தவழற குழந்தையை அதுல விட முடியாது.

ஸ்வெட்டர் விஷயத்துல ஒரு யோசனை. கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே குழந்தையோட நெஞ்சு அளவு, கை நீளம் எல்லாம் எடுத்து பாட்டிக்கு போன்ல சொல்லிருங்க. அங்க நிறைய பாட்டிகளுக்கு நல்லா பின்னத் தெரியும். எங்க அத்தை கையில்லாத ஸ்வெட்டர் பின்னித் தர்றாங்க, அது மாதிரி வசதியானது கடையில கிடைக்கறதில்ல, கை ஃப்ரீயா இருக்கும், நெஞ்சு கதகதப்பா இருக்கும். அதோட, குழந்தை வர்றதுக்கு முன்னாடியே அவங்களுக்கு அதுல ஒரு பங்கு வந்துருது, பின்னால நாம சில விஷயத்துக்கு வேண்டாம்னு சொல்றப்போ அது ரொம்ப உதவும்.

ஸ்டெப் 3: மலை ஏறறது

வெளியூர் வண்டின்னா இ-பாஸ் எடுக்கணும், 2024 மே மாசத்துல இருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது இருக்கு, ஆன்லைன்ல போட்டா வந்துரும், நீலகிரி பதிவு நம்பர் வண்டிக்குத் தேவையில்ல. தண்ணியை ஸ்டீல் பாட்டில்லயே எடுத்துட்டுப் போங்க, பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு மாவட்டத்துல தடை, செக்போஸ்ட்ல வாங்கி வச்சுருவாங்க.

மேட்டுப்பாளையம் வரைக்கும் குழந்தைக்கு ஸ்வெட்டரே போடாதீங்க. கீழ வெக்கையில மூட்டை கட்டி உக்கார வச்சா வேர்த்துரும், அந்த வேர்வை மேல போனதும் குளிர்ந்து நடுங்க வைக்கும். மேட்டுப்பாளையத்துல ஒரு தடவை நிறுத்தி டயப்பர் மாத்தி பால் கொடுங்க. 2015-ல இருந்து தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுகள்ல பாலூட்டும் அறை வச்சிருக்காங்க, பஸ்ல வர்றவங்க விசாரிச்சுப் பாருங்க. பால் குடிச்சு ஏப்பம் விட்டு அரை மணி நேரம் கழிச்சு ஏற ஆரம்பிச்சா நல்லது, வயிறு முட்டக் குடிச்ச உடனே ஹேர்பின்ல திரும்பினா அப்படியே கக்கிரும். மலைப்பாதை தலைசுத்தல், குமட்டல் எல்லாம் 2 வயசுக்கு மேல இருக்கற பிள்ளைங்களுக்கு தான் ஜாஸ்தி, கைக்குழந்தைக்கு அது அபூர்வம். உங்களுக்கு குமட்டுச்சுன்னா, பால் கொடுக்கறவங்களா இருந்தா வாந்தி மாத்திரையை டாக்டர்கிட்ட கேட்டு தான் போடணும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 325 மீட்டர் தான், அங்க இருந்து முப்பத்தி சொச்சம் கிலோமீட்டர்ல ஆயிரத்தி ஐநூறு மீட்டர் ஏறிடறோம், அதனால காது அடைக்கும். நாம எச்சில் முழுங்கினா சரியாயிரும், குழந்தைக்கு அது தெரியாது, அழும். சப்பறதும் முழுங்கறதும் தான் மருந்து. ஓடற வண்டியில மடியில வச்சு பால் கொடுக்காதீங்க, ஒரு பிரேக் போட்டா பெல்ட்டுக்கும் உங்களுக்கும் நடுவுல மாட்டிக்கும். ஓரமா பாதுகாப்பான இடத்துல நிறுத்திக் கொடுங்க. கார் சீட் இருந்தா பின்பக்கம் பார்த்த மாதிரி பின் சீட்ல மாட்டுங்க, பெல்ட்டுக்கு உள்ள குண்டு ஜாக்கெட் போடாதீங்க, பெல்ட் இறுக்கமா இருக்கற மாதிரி தெரியும் ஆனா இடிச்சா ஜாக்கெட் அமுங்கி குழந்தை நழுவிரும். பெல்ட் போட்டுட்டு அதுக்கு மேல போர்வை போத்துங்க. குன்னூர் போற வழியில இருக்கற பர்லியார்ல நிறுத்தினா சாப்பாட்டை வெளிய எடுக்காதீங்க, குரங்கு கையில இருந்தே பிடுங்கிரும். குளிர் தெரிய ஆரம்பிக்கற இடத்துல ஸ்வெட்டர், இன்னும் மேல போனதும் குல்லா, இப்படி படிப்படியா போடுங்க.

மலை ரயில்ல போகணும்னு ஆசை எல்லாருக்கும் இருக்கும். மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், ஏறறதுக்கு அஞ்சு மணி நேரம் பக்கம் ஆகும். கைக்குழந்தையோட நான் அதை சொல்ல மாட்டேன். இடம் நெருக்கடி, குன்னூர் வரைக்கும் ஸ்டீம் எஞ்சின் புகை வேற. குழந்தைக்கு காட்டணும்னா குன்னூர்ல இருந்து ஊட்டி வரைக்கும் டீசல் எஞ்சின் ஓடற பகுதியில ஒரு நாள் பகல்ல போயிட்டு வாங்க, அது போதும்.

ஸ்டெப் 4: முதல் நாளும் தாத்தா பாட்டியும்

8, 9 மாசத்துல குழந்தைக்கு முகம் தெரிய ஆரம்பிச்சுரும், புது ஆளைப் பார்த்தா வீல்னு அழும். மாசக்கணக்கா காத்துட்டு இருந்த பாட்டி கையை நீட்டறாங்க, குழந்தை உங்க தோள்ல முகத்தைப் புதைச்சுகிட்டு கத்துது, அந்த நிமிஷம் அவங்க முகம் வாடிப் போறதைப் பார்க்கவே கஷ்டமா இருக்கும். இது அவங்களைப் பிடிக்காததால வர்ற அழுகை இல்ல, அம்மா யாரு மத்தவங்க யாருன்னு பிரிச்சுப் பார்க்கற அறிவு வளர்ந்திருக்கறதுக்கு அடையாளம்னு முன்னாடியே போன்ல சொல்லி வச்சிருங்க. கிளம்பறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி இருந்தே தினமும் ஒரே நேரத்துக்கு வீடியோ கால் பண்ணி, பாட்டி ஒரே தாலாட்டை, தாத்தா ஒரே விளையாட்டு சத்தத்தை திரும்பத் திரும்ப காட்டினா நேர்ல போனதும் அந்தக் குரலை வச்சு சீக்கிரம் ஒட்டிக்கும்.

வீட்டுக்குள்ள போனதும் குழந்தையை யார் கையிலயும் கொடுக்காதீங்க, உங்க மடியிலயே வச்சுகிட்டு உக்காருங்க. தாத்தா பாட்டி கொஞ்சம் தள்ளி தரையில ஜமக்காளத்துல உக்காந்து, குழந்தையைப் பார்க்காம ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் வச்சு தட்டிட்டு இருக்கட்டும். குழந்தை தானா திரும்பிப் பார்க்கும், அப்புறம் தானா தவழ்ந்து போகும். ஒரு மணி நேரம் ஆகலாம், ஒரு நாள் கூட ஆகலாம், அதை அவசரப்படுத்தாதீங்க.

முதல் ரெண்டு நாள் வீட்டு ஆளுங்க மட்டும் போதும். பக்கத்து வீடு, எஸ்டேட் லைன்ல இருந்து, தெரு முழுக்க பேரனைப் பார்க்க வருவாங்க, பாசத்துல தான் வர்றாங்க, ஆனா குளிர்காலத்துல பாதிப் பேருக்கு சளி இருக்கும். பெரியவங்களுக்கு வெறும் மூக்கொழுகல்னு போற வைரஸ் கைக்குழந்தைக்கு நெஞ்சுல இறங்கி மூச்சுத் திணறல் வரைக்கும் போகும். கை கழுவிட்டுத் தூக்கணும், முகத்துல முத்தம் வேண்டாம், பாதத்துல கொஞ்சிக்கட்டும், சளி இருக்கறவங்க தள்ளி நின்னு பாக்கட்டும். இதை மருமக சொன்னா சில வீட்டுல வேற மாதிரி போகும், அதனால அவங்கவங்க அம்மா அப்பாகிட்ட அவங்கவங்களே பேசணும்னு கிளம்பறதுக்கு முன்னாடியே புருஷன் பொண்டாட்டி முடிவு பண்ணிக்கோங்க. எங்க வீட்டுல அவர் தான், "அம்மா, டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு, வர்றவங்களுக்கு வாசல்லயே சோப்பு வச்சிரலாம்மா"ன்னு சொன்னாரு, அத்தை உடனே "அதுக்கென்னடா, வெந்நீரும் வச்சிரலாம்"னுட்டாங்க. தாத்தா பீடி சிகரெட் பிடிக்கறவரா இருந்தா வெளிய போய் பிடிச்சுட்டு சட்டை மாத்திட்டு கை கழுவிட்டு வரணும், மாமா கோவிச்சுக்குவாருன்னு இதுல மட்டும் தயங்காதீங்க.

அதே முதல் நாள்ல குழந்தை தவழற உயரத்துல நீங்களும் தரையில உக்காந்து ஒரு தடவை வீட்டை சுத்திப் பாருங்க. முக்கியமா பாக்க வேண்டியது பெரியவங்க மாத்திரை. பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை தலையணைக்கு கீழயும் கட்டில் ஓரத்துலயும் இருக்கும், சில சுகர் மாத்திரை ஒண்ணு உள்ள போனாலே குழந்தைக்கு உயிருக்கு ஆபத்து. எல்லாத்தையும் பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டணும். பட்டன் பேட்டரி, மண்ணெண்ணெய் பாட்டில், விறகு அடுப்பு, வெந்நீர் வாளி, டீ ஃபிளாஸ்க், ஹீட்டர் ஒயர் இதெல்லாம் எட்டாத இடத்துக்குப் போகணும்.

ஸ்டெப் 5: ராத்திரி

இதை நிதானமா படிங்க. கரி அடுப்பு, கணப்பு, தணல் சட்டி, இது எதையும் தூங்கற ரூமுக்குள்ள வைக்கவே கூடாது. மூடின ரூம்ல கரி எரிஞ்சா கார்பன் மோனாக்ஸைடு வாயு சேரும், அதுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தூக்கத்துலயே மயக்கமாகி எந்திரிக்காம போயிருவாங்க. ஊட்டியிலயும் கொடைக்கானல்லயும் குளிருக்கு கரி அடுப்பை உள்ள வச்சுட்டுப் படுத்தவங்க காலையில இறந்து கிடந்ததா செய்தி வந்துட்டே தான் இருக்கு. புகை அடங்கிருச்சு, தணல் மட்டும் தான் இருக்குன்னு நினைக்கறப்போ தான் அது இன்னும் மோசம். பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் வச்சிருக்கற வீடுன்னாலும் இதே ஆபத்து தான், ஜன்னல் திறந்திருக்கணும், வெந்நீரைப் பிடிச்சுட்டு கீசரை நிறுத்தின அப்புறம் தான் குழந்தையை உள்ள கொண்டு போகணும்.

கரண்ட் ஹீட்டர்னா ஆயில் ஹீட்டர் நல்லது, தூங்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போட்டு ரூம் சூடானதும் நிறுத்திருங்க, இல்லேன்னா கம்மியில வைங்க. கட்டில்ல இருந்து 1 மீட்டராவது தள்ளி இருக்கணும், அது மேல துணி காயப்போடக் கூடாது. ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைங்க, பாட்டி "காத்து அடிக்கும்டி"ன்னு சொல்லுவாங்க, குழந்தை படுக்கற இடத்தை ஜன்னல் பக்கம் இல்லாம மாத்திட்டா அவங்களுக்கும் நிம்மதி.

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கணும், மெத்தை கெட்டியா இருக்கணும், ஒரு வயசு வரைக்கும் தலையணை, ரஜாய், தளர்ந்த கம்பளி எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது. ரஜாய் முகத்துக்கு மேல ஏறினா தள்ளி விட அதுக்கு பலம் இருக்காது. அப்போ குளிருக்கு என்ன பண்றதுன்னா, போர்வையை உடம்புல மாட்டி விட்டுரணும். கைக்கு ஓட்டை வச்சு கீழ்ப்பக்கம் பை மாதிரி மூடின ஸ்லீப்பிங் பேக் ஆன்லைன்ல கிடைக்குது. இல்லேன்னா உள்ளூர் டெய்லர்கிட்ட ஃபிளானல் துணி கொடுத்து தைக்கலாம், கழுத்து தலை நுழையாத அளவுக்கு சின்னதாவும் கால் உதைக்க இடம் விட்டு அகலமாவும் இருக்கணும். உள்ள பனியன், முழுக்கை சட்டை, பேன்ட், சாக்ஸ், மேல இந்தப் பை, அவ்வளவு போதும். வீட்டுக்குள்ள தூங்கறப்போ குல்லா வேண்டாம், குழந்தை சூட்டை தலை வழியா தான் நிறைய வெளிய விடும், அதை மூடிட்டா உடம்பு கொதிக்க ஆரம்பிச்சுரும், குல்லா நழுவி மூக்கை அடைக்கவும் செய்யும்.

குளிருதா இல்லையான்னு பாக்க கையையும் காலையும் தொடாதீங்க, அது எப்பவும் சில்லுனு தான் இருக்கும், அதை வச்சு தான் பாட்டிகள் இன்னொரு ஸ்வெட்டர் மாட்டறாங்க. கழுத்துக்குப் பின்னாடி, நெஞ்சுல கை வச்சுப் பாருங்க. கதகதப்பா இருந்தா சரி, வேர்த்திருந்தா ஒரு துணியைக் கழட்டுங்க, சில்லுனு இருந்தா ஒண்ணு போடுங்க. அளவுக்கு மீறி சூடாகறதும் தூக்கத்துல குழந்தை திடீர்னு இறந்து போறதுக்கு ஒரு காரணமா இருக்குன்னு டாக்டருங்க சொல்றாங்க. படுக்கை சில்லுனு இருந்தா ஹாட் வாட்டர் பேக்கை கொஞ்ச நேரம் முன்னாடி படுக்கையில வச்சுட்டு, குழந்தையைப் போடறப்போ எடுத்துருங்க, கூடவே விட்டா தோல் வெந்துரும்.

தூளி இல்லாம தூங்காதுன்னா, பக்கத்துல யாராவது முழிச்சுட்டு இருக்கற பகல் தூக்கத்துக்கு மட்டும் வச்சுக்கோங்க. புரண்டு உக்கார ஆரம்பிச்ச குழந்தையை ராத்திரி முழுக்க அதுல விடாதீங்க.

ஸ்டெப் 6: தைலம், கற்பூரம், சாம்பிராணி, தேன்

நீலகிரியில தைலம் இல்லாத வீடே இருக்காது. சளின்னு சொன்ன உடனே பாட்டி கை அந்த பாட்டிலுக்கு தான் போகும், அந்தக் கையில இருக்கற பாசம் உண்மையானது, ஆனா யூகலிப்டஸ் தைலம் கைக்குழந்தைக்கு ஆகாது. மூக்குக்கு கிட்ட தடவினா மூச்சுக்குழல் இறுகி மூச்சு முட்டலாம், தெரியாம ஒரு ஸ்பூன் அளவு உள்ள போனாலே மயக்கமும் வலிப்பும் வரும். 2 வயசு வரைக்கும் நெஞ்சுலயும் வேண்டாம், தலையணையில ஒரு சொட்டும் வேண்டாம். ஊட்டி கடைகள்ல மூட்டு வலிக்கு விக்கற விண்டர்கிரீன் ஆயில் இன்னும் பயங்கரம், ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த மருந்து தான் அது, ஒரு டீஸ்பூன் குடிச்சா குழந்தை உயிரே போயிரும். இந்த பாட்டில்களையும் மாத்திரையோட சேர்த்து பீரோவுல பூட்டுங்க.

தேங்காய் எண்ணெயில கற்பூரம் போட்டு காய்ச்சி நெஞ்சுல தேய்க்கறது நம்ம ஊர் முழுக்க இருக்கற வழக்கம். கற்பூரம் தோல் வழியாவும் உடம்புக்குள்ள போகும், குழந்தைக்கு வலிப்பு வர வைக்கும். அதே தேங்காய் எண்ணெயை கற்பூரம் போடாம லேசா சூடு பண்ணி பாட்டியே தேய்ச்சு விடட்டும், தேய்க்கற கை சூடும் அந்தத் தடவலும் தான் குழந்தைக்கு சுகமா இருக்கறது. சாம்பிராணி புகையும் அப்படி தான், புகைன்னாலே நுரையீரலுக்கு கெடுதல், தலை காய துண்டால ஒத்தி எடுத்தா போதும். வசம்பை உரசி நாக்குல வைக்கறது, உரம் விழுந்துருச்சுன்னு தலைகீழா தூக்கி உலுக்கறது, தொக்கம் எடுக்கறோம்னு வாயால ஊதறது இதெல்லாம் கண்டிப்பா கூடாது. வசம்பு வளையல் கூட அறுந்தா தொண்டையில மாட்டும்.

தேன். மலைத் தேன் நல்ல தேன் தான், காட்டுல இருந்து எடுத்து வர்றது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா 1 வயசு முடியற வரைக்கும் எந்தத் தேனும் ஒரு துளி கூட நாக்குல வைக்கக் கூடாது. தேன்ல இருக்கக்கூடிய ஒரு கிருமியோட விதை குழந்தை குடல்ல முளைச்சு விஷத்தை உண்டாக்கும், உடம்பு துவண்டு மூச்சே நின்னு போகலாம். சுத்தமான தேன், காய்ச்சின தேன்னு சொன்னாலும் அதே தான்.

இவ்வளவுக்கும் வேண்டாம்னு சொல்லிட்டு பாட்டியை சும்மா உக்கார வைக்கக் கூடாது, அதுல தான் மனஸ்தாபம் வரும். எண்ணெய் தேய்க்கறது, வெயில்ல உக்கார வைக்கறது, கூழ் காய்ச்சறது, தூங்க வைக்கறது எல்லாம் அவங்க பொறுப்புன்னு முழுசா விட்டுருங்க, பக்கத்துல நின்னு குறை சொல்லாதீங்க.

ஸ்டெப் 7: குளியல்

தினமும் குளிப்பாட்டணும்னு அவசியமே இல்ல, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், நடு நாள்ல வெதுவெதுப்பான துணியால துடைச்சு விடலாம். நேரம் காலையில பத்து மணிக்கு மேல, வெயில் வந்ததும். தண்ணி சூட்டை உள்ளங்கையில பாக்காம முழங்கையில பாருங்க. முதல்ல வாளியில பச்சத் தண்ணி ஊத்திட்டு அப்புறம் வெந்நீர் கலக்கணும். துண்டு, துணி எல்லாம் விரிச்சு வச்சுட்டு தண்ணி ஊத்துங்க, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிரணும். குளிர் காத்துல கன்னம் வெடிக்கும், அதனால ஈரம் காயறதுக்குள்ள தேங்காய் எண்ணெயோ வாசனை இல்லாத கிரீமோ தடவிருங்க.

ஸ்டெப் 8: சாப்பாடு

6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் தான், வெந்நீர் கூட வேண்டாம். பால் கொடுக்கற அம்மாவுக்கு குளிர்ல தாகமே தெரியாது, ஃபிளாஸ்க்ல வெந்நீரைப் பக்கத்துலயே வச்சு ஒவ்வொரு தடவை பால் கொடுக்கறப்பவும் குடிங்க.

6 மாசம் தாண்டின குழந்தைக்கு இது மாதிரி ஊர் கிடையாது. தோட்டத்துல இருந்து வந்த கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், பட்டாணி, அவிச்சு மசிச்சு கொஞ்சம் நெய் விட்டா போதும். பட்டர் ஃப்ரூட் கிடைச்சா ஸ்பூனால சுரண்டி அப்படியே கொடுக்கலாம். ராகியை ஊற வச்சு அரைச்சு பாலெடுத்து காய்ச்சற கூழ் பாட்டி கையில தான் நல்லா வரும். 1 வயசு வரைக்கும் உப்பு, சர்க்கரை, வெல்லம் வேண்டாம், பசும்பாலை தாய்ப்பாலுக்கு பதிலா கொடுக்கவும் வேண்டாம். கேரட்டை பச்சையா கையில கொடுக்காதீங்க, கடிச்சு தொண்டையில மாட்டிக்கும்.

ஒரு விஷயம் கீழ இருந்து போறவங்களுக்குத் தெரியறதில்ல. உயரம் கூடக் கூட தண்ணி கம்மி சூட்டுலயே கொதிச்சுரும், ஊட்டியில சுமார் 92, 93 டிகிரியிலயே கொதிக்கும். அதனால பருப்பும் அரிசியும் திறந்த பாத்திரத்துல சீக்கிரம் வேகாது, மேல வெந்த மாதிரி இருக்கும் நடுவுல நறுக்குனு இருக்கும். குக்கர்ல வைங்க, கீழ வைக்கறதை விட ரெண்டு விசில் கூட விடுங்க. குடிக்கற தண்ணியையும் 2,000 மீட்டர் பக்கம் இருக்கற ஊர்ல நல்லா தளதளன்னு கொதிச்ச அப்புறம் 3 நிமிஷம் விட்டு தான் இறக்கணும்.

ஸ்டெப் 9: வெளிய கூட்டிட்டுப் போறது

பத்து மணியில இருந்து மூணு மணி வரைக்கும் நல்ல நேரம், நாலு மணிக்கு மேல மூடுபனி இறங்கும். ஆனா மலை வெயில் குளிருக்கு இதமா இருக்கறதால சுடறது தெரியாது, உயரத்துல அல்ட்ரா வயலட் கதிர் ஜாஸ்தி, அரை மணி நேரத்துல கன்னம் செவந்துரும். அகலமான தொப்பி போட்டு நிழல்ல வைங்க, 6 மாசத்துக்கு கீழ சன்ஸ்கிரீன் வேண்டாம். தூக்கற பையில நெஞ்சோட சேர்த்து வச்சுகிட்டா உங்க உடம்பு சூடே அதுக்கு பாதி ஸ்வெட்டர், மூக்கு மூடாம இருக்கான்னு அடிக்கடி பாருங்க.

டிசம்பர் கடைசி ஜனவரியில படுகர் மக்களோட ஹெத்தை அம்மன் பண்டிகை வரும், கோத்தகிரி பக்கம் பேரகணி ஊர்ல கூட்டம் நிறைய இருக்கும். குழந்தையோட போறவங்க கூட்டத்துக்கு நடுவுல போகாம ஓரமா நின்னு கும்பிட்டுட்டு சீக்கிரம் கிளம்பிருங்க. இருட்டினதுக்கு அப்புறம் டீத்தோட்டப் பாதையில குழந்தையைத் தூக்கிட்டு நடக்காதீங்க, கோத்தகிரி குன்னூர் பக்கம் காட்டெருமையும் கரடியும் வீட்டு வாசல் வரைக்கும் வரும். யூஸ் பண்ணின டயப்பரை சரிவுல வீசாதீங்க, அதைக் கிளற மிருகங்கள் வரும், சுருட்டி கட்டி குப்பை வண்டியில கொடுங்க.

ஸ்டெப் 10: சளி, காய்ச்சல் வந்தா

மூக்கடைப்புக்கு சலைன் டிராப்ஸ் ரெண்டு சொட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி பால் கொடுங்க. ஆவி பிடிக்க வைக்காதீங்க, வெந்நீர் கொட்டி வெந்து போற குழந்தைங்க நிறைய. இருமல் சிரப் எதையும் கடையில கேட்டு வாங்காதீங்க, சளிக்கு ரெண்டு மருந்து கலந்து வர்ற ஒரு வகை சிரப்பை 4 வயசுக்கு கீழ கொடுக்கக் கூடாதுன்னு 2023-லயே மத்திய அரசு மருந்துத் துறை லேபிள்ல போட சொல்லிருச்சு.

எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னா, 3 மாசத்துக்கு கீழ இருக்கற குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்தாலே போயிரணும், காலையில பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது. பெரிய குழந்தைன்னா சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பாருங்க, மூச்சு இழுக்கறப்போ விலாவுக்கு கீழ குழி விழுந்தா, மூக்கு விடைச்சா, முனகினா, உதடு நீலமானா, பால் குடிக்கலேன்னா, எழுப்பினாலும் துவண்டு கிடந்தா உடனே 108. தூங்கறப்போ ஒரு நிமிஷம் முழுசா மூச்சை எண்ணுங்க: 2 மாசத்துக்கு கீழ 60, 2 மாசத்துல இருந்து 1 வயசு வரைக்கும் 50, அதுக்கு மேல 40, இந்த அளவோ அதுக்கு மேலயோ இருந்தா நிமோனியாவா இருக்கலாம். ஊட்டியில அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, குன்னூர்ல அரசு லாலி ஆஸ்பத்திரி. போன உடனே தாத்தாகிட்ட, ராத்திரி குழந்தை டாக்டர் எங்க இருப்பாரு, எந்த வண்டி கூப்பிட்டா வரும்னு கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி கதவுக்குப் பின்னாடி ஒட்டி வைங்க. இந்த வேலையை அவங்க ரொம்ப பொறுப்பா பண்ணுவாங்க.

ஸ்டெப் 11: இறங்கி வர்றது

காது அடைப்பு ஏறறதை விட இறங்கறப்போ தான் ஜாஸ்தி வலிக்கும், அதனால பாதி வழியில ஒரு தடவை நிறுத்திப் பால் கொடுத்தே ஆகணும். குழந்தைக்கு கடுமையான சளி, மூக்கடைப்பு இருந்தா ரெண்டு நாள் தள்ளிப் போட்டு இறங்குங்க, பாட்டி சந்தோஷமா தான் ஒத்துக்குவாங்க. துணியை ஏறினப்போ போட்ட மாதிரியே இடம் இடமா கழட்டிட்டே வாங்க, மேட்டுப்பாளையம் வர்றப்போ சட்டையோட இருக்கணும். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் வரைக்கும் இருமல், மூச்சு, பால் குடிக்கற அளவு மூணையும் கவனிங்க, அங்க ஒட்டின வைரஸ் இங்க வந்து தான் வெளிய தெரியும். தினமும் வீடியோ கால் பண்ணின அதே நேரத்தை விடாம தொடருங்க, இப்போ குழந்தையே போனைப் பார்த்து கையை நீட்டும்.